வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள், தோழர்களே

புரட்டாசி பாதி போய்விட்டது. சம்பா நடவுக்குப் பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். ஐப்பசி பிறந்தால் மழை. திருத்துறைப்பூண்டிப் பக்கமும் மன்னார்குடிப் பக்கமும் நாம் படுக்கை நோயாளிகளைப் பார்க்கப் போய்வரும் வீடுகளில் இந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவது எத்தனை பாடு என்று உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் அது இன்னும் கடினமாக இருக்கப்போகிறது. அதனால்தான் கூட்டம் கூடும் வரை காத்திருக்காமல் இதை எழுதி அனுப்புகிறேன்.

நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். கடைத்தெருக்காரர்கள் மாதாமாதம் கொடுத்து வந்த பணம் குறைந்துவிட்டது. அவர்கள் மேல் வருத்தமில்லை, அவர்கள் கல்லாவும் நிறையவில்லை. டயப்பர், கையுறை, பஞ்சு, வண்டிக்குப் பெட்ரோல் எல்லாச் செலவும் ஏறிவிட்டது. நம்மோடு இருந்த நர்ஸ் சகோதரி ஒருவர் குடும்பக் கடனை அடைக்க வெளிநாடு போய்விட்டார். ஆனால் நாம் போக வேண்டிய வீடுகள் குறையவில்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனவர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்து இப்போது முப்பது வயதாகிவிட்ட பிள்ளை. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கட்டிலில். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், பாயில், இன்னொருவர். இந்தக் கடிதம் அந்த இன்னொருவருக்காக.

பணத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இப்போதே நம் கையில் இருப்பது நம் நேரம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், ஒரே வீட்டுக்கு, இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். பார்த்துக்கொள்கிறவரை அந்த நேரத்துக்கு வெளியே அனுப்புங்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

ஏன் நேரம் என்று கேட்பீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று நாமே வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறோம். புரட்டாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் விழும், விழுந்த புண் லேசில் ஆறாது. பாடம் சரி. அந்தப் பாடத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட பெண்ணின் ராத்திரியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பத்து மணிக்கு எழ வேண்டும், பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு. நடுவில் மூத்திரப் பை நிறைந்திருக்கும். விரிப்பு நனைந்திருக்கும். விடிந்தால் அடுப்பு, தண்ணீர், ரேஷன் கடை. பகலில் கண்ணயரலாம் என்றால் பகலிலும் அதே இரண்டு மணி நேரக் கணக்கு. மாத்தி விட ஆளில்லாமல் இது ஒரு வாரமல்ல, வருஷக்கணக்கில் நடக்கிறது. நாம் போய் "அப்பாவுக்கு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, பி.பி. பார்த்துவிட்டு, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பதில் சொன்னவளுக்கு பி.பி. எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

நடவு காலத்தில் இது பசியாகவும் மாறுகிறது. நடவு நாட்களில் கிடைக்கும் கூலிதான் பல வீடுகளில் தீபாவளிச் செலவும் கடன் வட்டியும். கட்டிலில் ஆளை வைத்துக்கொண்டு நடவுக்குப் போக முடியாத பெண்ணுக்கு அந்தக் கூலி இல்லாமல் போகிறது. நூறு நாள் வேலைக்குப் போனாலும் பாதி நாளில் ஓடிவர வேண்டும். கூலிக்கு ஒரு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அந்த ஆளுக்குக் கொடுப்பது இவள் சம்பாதிப்பதைவிட அதிகமாகிவிடும். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்தும் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வரும் அக்காக்களை நம் வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "நான் படுத்துட்டா இவரை யாரு பாக்குறது?" அவர்கள் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் இதுவரை பதில் இருந்ததில்லை.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் பேசிவிடுவோம். 2019ஆம் ஆண்டு நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: வீட்டில் உள்ளவர்களைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் 27.6 விழுக்காடு, ஆண்கள் 14 விழுக்காடு. ஈடுபடும் பெண் சராசரியாக 134 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 76 நிமிடம். சமையல், துவைப்பு, துடைப்பு போன்ற வீட்டு வேலை இதில் சேராது. அது பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. குழந்தை வளர்ப்பையும் சேர்த்த சராசரிதான் அந்த 134. படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டில் அது நாள் முழுவதும் என்று நமக்குத் தெரியும்.

"அவள் எப்படியும் செய்வாள்" என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண், பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருச்சபை ஊழியத்தை விட்டவர், தன்னைப்போல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பெண்களைத் திரட்டி 1965இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் அழுத்தத்தால் 1976இல் பராமரிப்பாளர்களுக்கு உதவித்தொகை வந்தது. வந்தும் திருமணமான பெண்களுக்குக் கிடையாது என்று எழுதி வைத்தார்கள். மனைவி எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள் என்பது காரணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வழக்காடி, 1986இல்தான் அந்தத் தடை உடைந்தது. பத்து வருஷம்! கேட்டதால் கிடைத்தது, தோழர்களே. கேட்காமல் யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

நம் ஊரில் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது பாராட்டு. "தெய்வம் மாதிரி பாக்குது பொண்ணு" என்கிறார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரும் உறவினர்கள் கால் மணி நேரம் உட்கார்ந்து, இந்த எண்ணெய் தேய், அந்த வைத்தியரிடம் காட்டு என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கிறார்கள். நாமும் மகளிர் தினத்துக்கு அவர்களில் இரண்டு பேரை மேடை ஏற்றிச் சால்வை போர்த்தினோம். அந்த இரண்டு பேரும் மேடையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க வீட்டு ஞாபகத்தில் தவித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சால்வையை விட, "நீங்க போய்த் தூங்குங்கக்கா, நான் இருக்கேன்" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் அவர்கள் ஏங்குகிறார்கள்.

முடியுமா என்று தயங்குகிறவர்கள் மலையைத் தாண்டிக் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் வலி தணிப்புக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்திலேயே, ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அறை கட்டிப் பயனில்லை என்று புரிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்தாரையே திரட்டினார்கள். டீக்கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரிப் பிள்ளைகள். சேருவதற்குத் தகுதி என்று அவர்கள் வைத்தது வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுக்க முடிய வேண்டும் என்பதைத்தான். பதினாறு மணி நேர வகுப்பு, நான்கு நாள் வீடுகளுக்கு நேரில் போய்ப் பழகுவது, அவ்வளவுதான் பயிற்சி. அது வளர்ந்து வளர்ந்து, 2008இல் கேரள அரசே வலி தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை அறிவித்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வீட்டுக்கு நர்ஸ் போகும் ஏற்பாட்டைச் செய்தது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டமும் அங்கே இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என அரசுக் கணக்கில் ஏறியது பெரிய விஷயம். முதலில் வீட்டுப் படி ஏறியது அரசு அல்ல, அந்த டீக்கடைக்காரர்கள்தான்.

நமக்கும் அனுபவம் இல்லாமலில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கும் மேல் விழுந்தன. சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. காற்று மெத்தைக்குப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் மெத்தை படிந்துபோய் நோயாளி பலகையில் கிடப்பதுபோல் ஆகிவிடுகிறார். மோட்டார் ஓடாமல் தண்ணீர் இல்லை, நனைந்த துணியைக் காயப்போட வெயில் இல்லை. நிவாரணப் பொருள் வாங்க எல்லோரும் ரோட்டுக்கு ஓடினார்கள். கட்டிலில் ஆளை விட்டுவிட்டுப் போக முடியாதவர்களுக்கு அரிசி கடைசியாகத்தான் வந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது கதை வேறு. நாம் வீட்டுக்குள் போக முடியவில்லை. சிறப்புப் பள்ளிகளும் பகல் நேர மையங்களும் மூடிவிட்டன. அதுவரை பகலில் ஐந்து மணி நேரமாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்த தாய்மார்கள் ஒரே நாளில் முழுநேரத்துக்கு மாட்டிக்கொண்டார்கள். இளைஞர்கள் சைக்கிளில் மாத்திரை கொண்டுபோய் வாசலில் வைத்தார்கள். பெண் தோழர்கள் முறை வைத்துப் போன் பண்ணினார்கள். பல அம்மாக்கள் அந்தப் போனில் நோயாளியைப் பற்றி எதுவுமே பேசவில்லை, தங்களைப் பற்றித்தான் பேசினார்கள். பேச ஆள் கிடைத்ததே முதல் தடவை என்று சொன்னவர்களும் உண்டு.

அந்தப் போன்களில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. கோபம். மறதி நோய் வந்த மாமியார் சாப்பிட்டதை மறந்துவிட்டு, "சோறு போட மாட்டேங்கிறா" என்று தெருவில் போய்ச் சொல்கிறார். ராத்திரி மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு பிறந்த ஊருக்குக் கிளம்புகிறார். ஒரு நாள் மருமகள் கை ஓங்கிவிடுகிறாள். பிறகு அன்று முழுக்க அழுகிறாள். இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் எத்தனை லட்சம் வீடுகளில் இந்தக் கோபமும் அழுகையும் இருக்கும்! அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். தூக்கமில்லாத உடம்பிலிருந்து வரும் கோபத்துக்கு மருந்து தூக்கம்தான், உபதேசம் அல்ல. அதற்கு மேலும் மனம் உடைந்திருப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எழுதிக் கொடுங்கள், இலவசம், தமிழில் பேசுவார்கள். பெரியவர்கள் தொடர்பான உதவிக்கு 14567.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம். முதல் இரண்டு வாரம் பழைய தோழர் ஒருவர் உங்களோடு வருவார். நோயாளியிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். மறதி நோய் உள்ளவர் செத்துப்போன தம்பி வந்தானா என்று கேட்டால், செத்துப்போய்விட்டார் என்று திருத்தாதீர்கள், தம்பியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கஞ்சி கொடுக்க வேண்டியிருந்தால் நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. படுத்தபடியே கொடுத்தால் புரையேறும். புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் வந்தால் கற்றுக்கொடுத்த முறையில், விரிப்போடு சேர்த்து, பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு பேராக. தனியாகத் தூக்கி உங்கள் இடுப்பையும் ஒடித்துக்கொள்ளாதீர்கள். டியூப்பைத் தொடக் கூடாது. மருந்தை மாற்றக் கூடாது. சந்தேகம் வந்தால் நர்ஸுக்குப் போன். நனைத்துவிட்டால் மாற்றிவிடுங்கள், அருவருப்பு முதல் முறைதான் இருக்கும்.

பார்த்துக்கொள்கிற அக்கா அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கே போகிறார் என்று கேட்காதீர்கள். தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம், நடவுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கலாம். அது அவர் நேரம். முதல் சில வாரம் போகவே மாட்டார். கதவோரமாக நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பரவாயில்லை. நீங்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால், ஒரு நாள் செருப்பை மாட்டுவார். வராமல் போகிற நாளில்தான் எல்லாம் கெடும். வருவதாகச் சொல்லி வராதவர்களை அவர்கள் ஏற்கனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். ஆகவே முடியாதென்றால் முந்தின நாளே சொல்லுங்கள், மாத்தாள் அனுப்புவோம்.

ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நிதி திரட்டவும் மேடை போடவும் கட்டில் தூக்கவும் நீங்கள் முன்னால் வருகிறீர்கள், நன்றி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரும் முறைப் பட்டியலில் உங்கள் பெயர் மிகக் குறைவு. ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்டித் துடைக்கும் வேலையை அவர்கள் மகள்களும் மருமகள்களும் கூச்சத்தோடு செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வீடுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. இன்னொன்று எல்லோருக்கும்: தெரு பார்த்து வீடு கேட்காதீர்கள். காலனி வீடு வேண்டாம் என்பவருக்கும், காலனியிலிருந்து வரும் தோழர் எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பவருக்கும் ஒரே பதில்தான். நம் பட்டியலில் சாதிக்கு ஒரு பத்தியும் கிடையாது, இனியும் கிடையாது.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்றால் யார் என்று வரையறுக்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தாய் தகப்பனும் குடும்பத்தாரும் அதில் அடக்கம். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. நம் வீடுகளில் இதைக் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு, காரணம் மனுக் கொடுக்கப் போக நேரமில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையையும் தகுதி இருந்தும் வாங்காத வீடுகள் இருக்கின்றன. அடையாள அட்டைக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்கள்? உங்களில் எழுதப் படிக்க வேகமானவர்கள் இந்தப் பொறுப்பை எடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் குடும்பத்தின் சார்பில் மனுவோடு நில்லுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காக்களிடம், படுத்திருப்பவருக்கு மட்டுமல்லாமல் பார்த்துக்கொள்பவருக்கும் பி.பி., சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் நம் தோழர்கள்தான்.

மழைக்கு முன் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் கூரை ஒழுகும் இடம் பார்த்துக் கட்டிலை நகர்த்த வேண்டும். காற்று மெத்தை உள்ள வீட்டில் கரண்ட் போனால் போட ஒரு பஞ்சு மெத்தை. ஆக்ஸிஜன் மெஷின் உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் இன்வர்ட்டர் உள்ள வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும். பதினைந்து நாள் மாத்திரை தண்ணீர் படாத டப்பாவில். தாழ்வான வீடுகளில் தண்ணீர் வந்தால் ஆளை எந்த வழியாக, எத்தனை பேர் தூக்கி, எந்த மாடிக்குக் கொண்டுபோவது என்று வீட்டுக்காரரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு இதையெல்லாம் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம் அறைக்கு வாருங்கள். வீடுகளின் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். எந்த வீடு, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று உங்கள் கையால் எழுதுங்கள். ஏற்கனவே போய்வருகிறவர்கள் உங்கள் தெருவிலிருந்து ஒரு புது ஆளையாவது அழைத்து வாருங்கள். தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துபோய் இப்போது வீட்டில் தனியாக இருக்கும் அக்காக்களையும் கூப்பிடுங்கள், இந்த வேலை அவர்களுக்குத் தெரிந்த அளவு நம்மில் யாருக்கும் தெரியாது. மழை தொடங்கும்போது அந்தப் பட்டியலில் ஒரு வீடுகூட ஆள் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது. வாருங்கள், தோழர்களே.